தேயிலைக்காட்டிலிருந்து தேயிலைக்காட்டுக்கு

2024 பெப்ரவரி 7, புதன். ஹட்டன்

நாளைக்கு அத்தை வருகிறார். அப்பாவின் தங்கச்சி. 1974இல், பதினெட்டு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர். ஐம்பது வருஷம் கழித்துத் திருச்சியில் விமானம் ஏறி வருகிறார். கூடவே அத்தை மகன் (எனக்கு மச்சான்), மச்சானின் மனைவி (எனக்குத் தங்கச்சி முறை), ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் பையன் (எனக்கு மருமகன் முறை).

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை மருமகன்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். சிகிரியா, கண்டி, சிவனொளிபாதமலை, நுவரெலியா, எல்ல, யால, காலிக் கோட்டை, மிரிஸ்ஸவில் திமிங்கிலம். இருப்பது ஐந்து நாள். அடியில் ஒரு வரி வேறு: "மாமா, டைம் இருந்தா யாழ்ப்பாணம்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படத்தில் இலங்கை ஒரு மாங்கொட்டை அளவுதான். தலையிலிருந்து கால்வரை 430 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மலைநாட்டில் கிலோமீட்டர் செல்லுபடியாகாது. வேன் மணிக்கு இருபத்தைந்து, முப்பது போனால் நல்ல ஓட்டம். முன்னால் ஒரு கொழுந்து லொறி மாட்டிக்கொண்டால் அதுவும் போச்சு. அதனால் நான் கணக்குப் போடுவது மணியில்தான். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஹட்டன் ஐந்து மணித்தியாலம். ஹட்டனிலிருந்து நுவரெலியா, இடையில் இறங்காமல் போனால், ஒன்றரை. நானுஓயாவிலிருந்து எல்ல ரயிலில் இரண்டரை, மூன்று. இப்படி எழுதிப் பார்த்ததுமே சிகிரியா, யால, காலி, மிரிஸ்ஸ நாலும் தாமாகவே கழன்று விழுந்தன. சிவனொளிபாதமலைக்கு இது சீசன்தான், மார்கழிப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி வைகாசிப் போயாவரை. ஆனால் ஐயாயிரம் படிக்கு மேல், அத்தையின் முழங்காலுக்கு ஆகாது. கண்டியை மட்டும் வெட்டும்போது கொஞ்சம் மனசு கேட்கவில்லை.

மாதத்தை நான்தான் சொன்னேன். மே தொடங்கிச் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை எங்கள் பக்கத்தைப் போட்டுச் சாத்தும். வடகீழ் மழை மார்கழி, தையில் பதுளைப் பக்கம் பெய்யும். பெப்ரவரி இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி. ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கொழும்பே ஏறி வந்துவிடும், அறை வாடகை எங்கேயோ போகும். இந்த மாதம் 23ஆம் திகதி நவம் போயா, நீண்ட வார இறுதி. அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளச் சொன்னேன். இந்த 2024 மார்ச் 31வரை இந்தியர்களுக்கு விசாவுக்குக் காசும் இல்லை. ஆனாலும் இணையத்தில் ஈடிஏ (முன்கூட்டிய பயண அனுமதி) எடுத்தே ஆக வேண்டும், அதை மச்சான் போன வாரம்தான் எடுத்தார்.

ரயில் டிக்கட்டில்தான் கோட்டை விட்டேன். ஆசனப் பதிவு முப்பது நாளைக்கு முன் திறக்கும். கடையில் ஒருவருக்குப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன், முடிந்திருந்தது. பதிவில்லாத மூன்றாம் வகுப்பில்தான் போகப் போகிறோம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் இப்போதுதான் உறைக்கிறது. வருகிறவர்கள் கூடலூர்க்காரர்கள், நீலகிரி. வீட்டுக் கதவைத் திறந்தால் தேயிலை. மச்சான் வேலை செய்வதே தேயிலை ஃபெக்டரியில். இவர்களை நான் அஞ்சு நாள் தேயிலை மலை காட்டக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

பெப்ரவரி 8, வியாழன். கட்டுநாயக்க – ஹட்டன்

குடிவரவு மேசையில் அத்தையின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி பிறந்த இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாராம். நுவரெலியா. சிங்களத்தில் ஏதோ கேட்டிருக்கிறார். "ஓவ் மாத்தயா" (ஆமாம் ஐயா) என்று அத்தை பதில் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் அத்தை சொன்ன முதல் சேதி இதுதான். ஐம்பது வருஷமாக வாயில் வராத சொல் எப்படி வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

அவிசாவளை, யட்டியந்தோட்டை, கித்துல்கல. களனி ஆற்றில் ரப்பர் படகில் வெள்ளைக்காரர்கள் கத்திக்கொண்டு போனார்கள். கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் மருமகன் ஜன்னல் பக்கம் மாறினான், அதற்கப்புறம் இரண்டு தடவை வேனை நிறுத்தினோம். இந்த வளைவுகளுக்கு எலுமிச்சம்பழமும் வெறும் வயிறும்தான் மருந்து. நான் பாசத்தில் நீர்கொழும்பிலேயே மாலு பாண் (மீன் வைத்த பன்) வாங்கிக் கொடுத்தது தப்பு.

வட்டவளையில் குளிர் தட்டியது. ரோட்டோரக் கடையில் இஞ்சி போட்ட பிளேன்டி (பால் இல்லாத தேத்தண்ணி) குடித்தோம். மச்சான் முதலில் குடிக்கவில்லை. கிளாசை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், பிறகு சத்தத்தோடு ஒரு உறிஞ்சு.

"கலர் பிரைட்டா இருக்கு மாப்ள. எங்க பக்கம் எல்லாம் சி.டி.சி. நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டி எடுக்குறது. பால் ஊத்துனாத்தான் அதுக்கு உயிர். இது ஆர்த்தடொக்ஸ், இலையை உருட்டி எடுக்குறது. இதுல பால் ஊத்துனா பாவம்."

கடைக்காரர் சீனி டப்பாவை எங்கள் பக்கம் தள்ளினார். அத்தை சீனி போடவில்லை. கித்துள் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டு, ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு குடித்தார்.

ராத்திரி எங்கள் வீட்டில் தேங்காய் ரொட்டி, கட்டசம்பல் (மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு போட்டு இடித்தது). பின்னேரம் நாலு மணிக்கே மாவு பிசைந்து வைத்த என் மனைவியிடம், "மாசி கொஞ்சம் தூக்கல்" என்று ஒரே ஒரு குறை மட்டும் சொல்லிவிட்டு அத்தை ஐந்து ரொட்டி சாப்பிட்டார்.

பெப்ரவரி 9, வெள்ளி. தலவாக்கலை – நுவரெலியா

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பாதையில் டெவன் அருவியும் சென் கிளேயர் அருவியும் ரோட்டிலிருந்தே தெரியும், டிக்கட் இல்லை. மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு சென் கிளேயரில் பழைய தண்ணீர் கிடையாது. "இதுவா? இது எங்க ஸ்கூல் லீவுல வந்து பார்த்தப்போ சத்தத்துல பேச முடியாது" என்றார் அத்தை. மருமகன் ஒரு வீடியோ எடுத்தான். ஐந்து நிமிஷம்.

அத்தை பிறந்த தோட்டம் தலவாக்கலைக்கு மேலே. பெயர் வேண்டாம், இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். திட்டத்தில் நான் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தேன். ஐந்து மணித்தியாலம் ஆனது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் இந்திய வம்சாவளித் தோட்டத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 150,000 பேருக்குப் பிறகு 1974இல் இன்னொரு ஒப்பந்தம். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அப்பா அதற்குள் கல்யாணமாகித் தனிக் காம்பரா (அறை) போய்விட்டதால் தனி மனு, இங்கேயே என்று எழுதினார். ஒரே லயம் (தொழிலாளர் வரிசை வீடு), நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு.

அந்த லயம் இப்போது இல்லை. இருந்த இடத்தில் பீட்ரூட் போட்டிருக்கிறார்கள். எதிர்ச் சரிவில் ஏழு பேர்ச் (நாலு சென்ட் சொச்சம்) காணியில் வரிசையாகப் புது வீடுகள், இந்திய அரசாங்கத்தின் உதவியில் கட்டியவை. முதலில் 4,000 வீடு, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 என்று அறிவித்துவிட்டுப் போனார். சித்தப்பா முறையில் ஒருவருக்கு அதில் ஒன்று கிடைத்திருக்கிறது. திண்ணையில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சுவரில் இருந்த இரண்டு நாட்டுக் கொடியையும் அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாங்க இந்தியாவுக்குப் போனோம். இந்தியா இங்க வந்து வீடு கட்டியிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தைச் சேர்க்கும் கொட்டகையில்) நிறுவை நடந்துகொண்டிருந்தது. பிரம்புக் கூடையை எங்கே என்று மருமகன் தேடினான். அவன் பார்த்த விளம்பரத்தில் எல்லாம் கூடைதானாம். இப்போது பெரும்பாலும் நைலோன் பைதான், தலையில் பட்டியைக் கட்டி முதுகில் தொங்கவிடுவது. கூடை ரோட்டோரத்தில் சுற்றுலாக்காரர் தோளில் மாட்டிப் போட்டோ எடுக்க வைத்திருப்பது. பேர் எவ்வளவு என்று அத்தை கேட்டார். பேர் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு நாள் சம்பளம். ஆயிரம் ரூபாய், 2021இலிருந்து இந்த 2024வரை அதேதான். இந்தியக் காசுக்கு மாற்றிப் பார்த்த மச்சான், "இருநூத்தி அறுபத்தஞ்சா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசவில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம், என்று கொழுந்தை நிறுக்கக் கொடுத்த அம்மா ஒருவர் சொன்னார். அத்தைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு ஒரு ஃபெக்டரி. சுற்றிக்காட்ட வந்த பிள்ளை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே போனாள். கொழுந்தை வாடவிடும் வாட்டுத் தொட்டி அருகே போனதும் மச்சான் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளினார். இறுக்கிப் பிடித்தார், விரலைத் திறந்தார். உருண்டை அப்படியே இருந்தது, மெல்ல ஒரு ஓரம் மட்டும் விரிந்தது. ஒரு காம்பை மடித்துக் காதருகே வைத்தார், ஒடிகிற சத்தம் வரவில்லை. "வாட்டம் சரியா இருக்கு, இப்ப உருட்டலாம்" என்றார். தூரத்தில் நின்ற டீ மேக்கர் (தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்) வந்துவிட்டார். அப்புறம் இருவருக்கும் நாங்கள் யாரும் தேவைப்படவில்லை. எந்தக் காற்று, எத்தனை மணித்தியாலம், ட்ரையரில் என்ன சூடு என்று ஒரு மணி நேரம். தை முதல் பங்குனிவரை எங்கள் திம்புள்ளப் பக்கத்துக்குத் தரமான பருவம், பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இலை மெதுவாக வளரும், வாசம் கூடும். ஊவாப் பக்கத்துக்கு அது ஆடி, ஆவணியில். டீ மேக்கர் சொல்லச் சொல்ல மச்சான் செல்போனில் குறித்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் மச்சான் குறிப்பெடுத்தது இந்த இடத்தில் மட்டும்தான்.

நுவரெலியாவுக்கு இருட்டில் வந்தோம். விடுதி அறையில் இரண்டு கம்பளி, போதவில்லை. ஸ்வெட்டர் கொண்டு வாருங்கள் என்று நான் முன்பே சொன்னதற்கு, "நாங்க நீலகிரி" என்று தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தார். கூடலூர் 1,000 மீட்டர் சொச்சம், நுவரெலியா 1,868. இந்த மாதத்தில் விடியக்காலை புல்லில் உறைபனி விழும்.

பெப்ரவரி 10, சனி. உலக முடிவு தெரியாத நாள்

ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற இடம் இருக்கிறது. பீடபூமி சட்டென்று அறுந்து, 870 மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கீழே போகும். காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் போய் நின்றால் தெற்கே வெகுதூரம் தெரியும். அதற்குப் பிறகு பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக் கதவைச் சாத்திவிடும். இது எனக்குத் தெரியும். நாலரைக்கு எழும்ப வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியும் இருந்தேன். நானே ஆறு மணிக்குத்தான் எழும்பினேன்.

நாங்கள் விளிம்புக்குப் போனபோது மணி பத்தே முக்கால். எதிரே வெள்ளைச் சுவர். மருமகன் ஒரு கல்லைத் தேடினான், போடக் கூடாது என்று தடுத்தேன். "மாமா, இதுல என்ன தெரியணும்?" என்று நியாயமாகக் கேட்டான். கூகுளில் படம் எடுத்துக் காட்டினேன். திரும்பும் வழியில் பேக்கர்ஸ் அருவியும், வாகனத் தரிப்பிடத்தில் எங்கள் பாணை முகர்ந்த ஒரு மரையும் அவனைச் சமாதானப்படுத்தின. போகிறவர்களுக்கு: ஒன்பது கிலோமீட்டர் நடை. பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பிஸ்கட்டை முதலிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள்.

அத்தை நடக்கவில்லை, வேனிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

பிற்பகல் இன்னொரு இடத்துக்குப் போனோம், எது என்று எழுதவில்லை, இந்த விதி எல்லா இடத்திலும் ஒன்றுதான். உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. நான் உள்ளூர் டிக்கட் ஒன்றும் வெளிநாட்டு டிக்கட் நாலும் கேட்டேன். அத்தை ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "தம்பி, நான் இந்த ஊர்ல பொறந்தவ" என்றார். டிக்கட் கொடுத்த பையன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான், பிறந்த இடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாவம், அவன் என்ன செய்வான். நாலு டிக்கட்டையும் கிழித்தான். அத்தை தன்னுடையதை மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிரகரி வாவி: ஊட்டி ஏரியைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு ஊட்டி ஏரி. சீதாஎலிய அம்மன் கோயில்: தங்கச்சிக்காகப் போனோம், நல்ல தண்ணீர், நல்ல கூட்டம்.

பெப்ரவரி 11, ஞாயிறு. நானுஓயா – தெமோதர

உண்மையை நானுஓயா ஸ்டேஷனில் வைத்துத்தான் சொன்னேன், ஆசனம் இல்லை என்று. தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

கொழும்பு கோட்டையில் விடியக்காலை கிளம்பும் பொடி மெனிக்கே ரயில் கண்டி சுற்றி மதியத்துக்குப் பிறகு இங்கே வரும். வந்ததும் பாதி ஆட்கள் இறங்குவார்கள், அதே அளவு ஏறுவார்கள். அந்த ஒரு நிமிஷம்தான் நம்முடையது. மருமகனை முதலில் ஏற்றினேன். அவன் பையை இரண்டு இருக்கையில் பரப்பிப் போட்டான். ஒன்று தங்கியது, அதில் அத்தை. "கோச்சில இடம் பிடிக்கிறது மறக்கல பாரு எங்க ரத்தத்துக்கு" என்று அத்தை அவனைத் தட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் நின்றோம். அம்பேவெல தாண்டியதும் ஒரு ஜெர்மன் பெண் தங்கச்சிக்கு இடம் கொடுத்தாள்.

பட்டிப்பொல, 1,890 மீட்டருக்கு மேலே, இந்தப் பாதையின் உச்சி ஸ்டேஷன். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். இந்தப் பக்கம் நுழையும்போது மூடுபனி, ஈரம், கண்ணாடியில் துளி. இருட்டில் பிள்ளைகள் எல்லாம் "ஹூ" என்று கத்தினார்கள். அந்தப் பக்கம் ஒஹியவில் வெளியே வந்தால் வெயில், கீழே ஊவா முழுதும் விரிந்து கிடக்கிறது. மழை மேற்கா கிழக்கா என்று பிரிகிற முகடு அது. இருபது வருஷமாகப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். மருமகன் வாசலில் தொங்கப் பார்த்தான். சட்டைக் காலரில் மச்சான் கை வைத்தார். சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு முழம் இருந்தால் அதிகம். போட்டோவுக்குத் தொங்கி அடிபட்டுச் செத்தவர்கள் இந்தப் பாதையில் உண்டு.

"இறால் வடே, பருப்பு வடே" வந்தது. வடைக்குச் சுற்றித் தந்த தாள் யாரோ ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பி.

இனி ஒரு யோசனை, இந்த ஐந்து நாளில் நான் சரியாகச் செய்த ஒன்று. எல்லோரும் எல்லவில் இறங்குவார்கள். இறங்காதீர்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கு அப்பால்தான் இருக்கிறது, எல்லவோடு இறங்கினால் பாலத்தில் நீங்கள் போகவே இல்லை. தெமோதரவரை டிக்கட் எடுங்கள். எல்லவில் பெட்டி காலியானது, எங்கள் ஐந்து பேருக்கும் ஜன்னல் கிடைத்தது. பாலம் வளைந்து போகும், அதனால் பின்பெட்டியில் இருந்தால் முன்பெட்டிகள் வளைவில் திரும்புவது தெரியும். கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள் எங்களைப் போட்டோ எடுத்தார்கள். மருமகன் ராஜா மாதிரி கையசைத்தான்.

தெமோதரவில் இறங்கி நின்றோம். ரயில் முன்னால் போய் மலையைச் சுற்றி மறைந்தது. "போச்சா?" என்றான். பொறு என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சில நிமிஷம் கழித்து எங்கள் காலுக்கடியில் சத்தம். நாங்கள் வந்த அதே ரயில், நாங்கள் நிற்கிற ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. இறக்கத்தின் செங்குத்தைக் குறைக்கப் பாதையை ஒரு முடிச்சாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள், 1924இல் பதுளைவரை ரயில் போன காலத்து வேலை. மருமகன் மேடையில் மண்டியிட்டுத் தரையில் காதை வைத்துக் கேட்டான். சிகிரியாவை அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

பெப்ரவரி 12, திங்கள். இறக்கம்

ராத்திரி விமானம். எல்லவிலிருந்து வந்த வழியே மலையேறி இறங்கினால் நாள் போய்விடும். தெற்கே வெல்லவாய இறங்கி, மத்தலையில் அதிவேகப் பாதை ஏறினால், சுற்றுத்தான், ஆனாலும் முதுகு தப்பும். ஆறு மணிக்குக் கிளம்பினோம். இன்றைக்கு நான்தான் முதலில் எழும்பினேன்.

இராவணன் அருவி ரோட்டோரத்திலேயே விழுகிறது. வெல்லவாயவில் வெக்கை. ஸ்வெட்டர், சால்வை எல்லாம் பின்சீட்டில் குவிந்தன. மச்சான் மடியில் இரண்டு கிலோ தேயிலை, அந்த டீ மேக்கர் கட்டிக் கொடுத்தது. "கூடலூருக்குத் தேயிலை எடுத்துட்டுப் போறது நாங்கதான்" என்று தங்கச்சி கேலி பண்ணினார். மச்சான் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நேரம் மிச்சமிருந்ததால் அதிவேகப் பாதை ஏறாமல் ஹம்பாந்தோட்டைக் கடற்கரைக்கு வேனைத் திருப்பச் சொன்னேன். திட்டத்தில் இல்லாதது. அலை பெரிது, குளிக்கிற கடல் இல்லை. மருமகனும் அவன் அப்பாவும் ஓடிப்போய்க் காலை நனைத்தார்கள். அத்தை செருப்பைக் கழற்றவில்லை, மணல் தொடங்குகிற இடத்தில் நின்றார்.

"தலைமன்னார் இதுல எந்தப் பக்கம்?"

நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நாங்கள் இறங்கி வந்த மலை இருந்த திசையைக் காட்டினேன். வடக்கே, அதற்கெல்லாம் அந்தப் பக்கம்.

"அப்ப இது வேற கடல்" என்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.